பசங்க, வேலை, ஏடிஹெச்டி மூணையும் வெச்சுட்டு வெயிட் தூக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அவசர_அம்மிணி (திருப்பூர்) · ஞாயிறு இரவு 10:52

வணக்கம்ங்க. சுருக்கமா எழுத நமக்கு வராது, முன்னாடியே சொல்லிர்றேன்.

எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசர் வேலை. பையனுக்கு 7, பாப்பாவுக்கு 4. போன வருசம் பையனோட டீச்சர் சொல்லி கோயமுத்தூர்ல காட்டுனோம், ஏடிஹெச்டின்னாங்க, அதாவது கவனம் ஒரே எடத்துல நிக்காது, சும்மா உக்கார முடியாது. டாக்டரம்மா அவனப் பத்தி ஒவ்வொரு கேள்வியாக் கேக்கக் கேக்க, எங்கூட்டுக்காரரு பையனப் பாக்காம என்னையவே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் எனக்கும் தனியாப் பேசிப் பாத்து, எனக்கும் அதேதான்னு சொல்லிட்டாங்க. மாத்திரை சாப்பிடறேன். வேலைல நல்ல வித்தியாசம் தெரியுது.

இப்ப பிரச்சனை வேற. நாள் பூராம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து முதுகு போச்சு. வெயிட் பயிற்சி பண்ணியே ஆவணும்னு பிசியோ சொல்றாங்க. நடக்கறதுன்னா எவ்வளவு தூரம் வேணாலும் நடப்பேன், காதுல எதையாச்சும் மாட்டிக்கிட்டா போதும். இந்த வெயிட்டுதான், மூணாவது வாரம் ஆச்சுன்னா உசுரே போகற சலிப்பு வருது. அதே பன்னண்டு, அதே மூணு செட்டு. நடுவுல ஒரு நிமிசம் ரெஸ்ட்டுன்னு போன எடுத்தா அரை மணி நேரம் எங்க போச்சுன்னு தெரியல. பிரிஜ்ஜுல ஒட்டுன அட்டவணை இப்ப என் கண்ணுக்கே படறதில்ல, அதும்மேலயே கேஸ் புக்கிங் நம்பர ஒட்டி வெச்சிருக்கேன். பக்கத்துல ஒரு ஜிம்முல வருசத்துக்கும் சேத்துக் கட்டுனாத்தான் ஆச்சுன்னு வாங்குனாங்க. போகாம நின்னதுக்கப்பறம் ஒரு போன் கூட இல்ல, ரினிவலுக்கு மட்டும் தேதி தவறாமக் கூப்புட்டாங்க.

கேக்கறது ஒண்ணுதானுங்க: இதை ஆசையாச் செய்யற மாதிரி மாத்திக்கிட்ட ஆளு யாராச்சும் இருக்கீங்களா? பசங்க காலுக்குள்ள ஓடிட்டு இருக்கறப்பவே செய்யணும். தனியா நேரமெல்லாம் கெடைக்காது. "மனசு வெச்சா முடியும்"ங்கறவங்க வேற இழை பாத்துக்கங்க, கோவிச்சுக்காதீங்க.

கர்லாக்கட்டை_63 (கோபி) · ஞாயிறு இரவு 11:20

கோவமெல்லாம் இல்ல அம்மிணி, ஆனா சொல்றதச் சொல்லிர்றேன். எனக்கு வயசு 63. சின்ன வயசுல இருந்து கை ஊனி எடுக்கற தண்டாலும், உக்காந்து எந்திரிக்கற பஸ்கியும் எடுக்கறேன், கர்லாங்கற கனமான மரக்கட்டையத் தோளச் சுத்திச் சுத்தறேன். சலிப்பா இருக்குன்னு நின்னதே இல்ல. இப்ப எதுக்கெடுத்தாலும் ஒரு சீக்குப் பேரச் சொல்லிக்கறாங்க. எங்க காலத்துல வெடியால அஞ்சு மணிக்கு வாத்தியார் தோட்டத்துல நிக்கோணும். ஒருத்தன் லேட்டா வந்தா மொத்தக் கூட்டமும் சேந்து எச்சா இருபது பஸ்கி போடோணும். பதினஞ்சு பசங்க, ஒருத்தன் எண்ண மத்தவன் எடுப்பான். முடிஞ்சதும் கெணத்துல குதிச்சு நீந்திட்டு, கம்மங்கூழக் குடிச்சுட்டுத்தான் ஊட்டுக்கே போவோம். அந்தக் கட்டுப்பாடு இருந்தா ஆட்டம் பாட்டமெல்லாம் தேவையே இல்ல.

ரெண்டாம்_ஷிப்ட் (பல்லடம்) · திங்கள் காலை 6:05

ஐயா சொன்னதத் திருப்பி ஒருக்காப் படிங்க. வாத்தியாரு, பதினஞ்சு பசங்க, எண்ணறதுக்கு ஆளு, முடிஞ்சா கெணத்துல குதி. இத்தனையும் இருந்தா நானும் அம்பது வருசம் செய்வேனுங்க ஐயா. அதுல கட்டுப்பாட்ட விடக் கொண்டாட்டம்தான் எச்சா இருக்குது.

நானும் ஏடிஹெச்டிதான். ஸ்பின்னிங் மில்லுல வேலை, ஊட்டுக்காரி நர்சு. ரெண்டு பேருக்கும் ஷிப்ட்டு மாறி மாறி வரும், அதனால "தினமும் காலைல ஆறு மணிக்கு"ங்கற கதையெல்லாம் நம்மகிட்ட நடக்காது. எனக்கு வழி காட்டுனது தண்ணி மோட்டாரு. முந்தியெல்லாம் சுவிட்சப் போட்டுட்டு மறந்துருவேன். தொட்டி ரொம்பி, மாடில இருந்து ஊத்தி, பக்கத்து ஊட்டு அக்கா வந்து கத்துனாத்தான் நெனப்பே வரும். இப்ப மோட்டாரு ஓடற நேரந்தான் என்ற பயிற்சி நேரம். சுவிட்ச் போர்டுக்குக் கீழயே ரெண்டு 20 லிட்டர் கேன் ரொப்பி நிக்கும். தண்ணி மட்டும் ஒவ்வொண்ணுலயும் 20 கிலோ. போட்ட கையோட ரெண்டையும் தூக்கிட்டு வாசல்ல இருந்து வண்டி செட்டு வரைக்கும் நடை, திரும்பி நடை. அப்பறம் ஒரு கேன நெஞ்சோட கட்டிப் புடிச்சுட்டுப் பஸ்கி. அப்பறம் திண்ணைல கை ஊனித் தண்டால். மறுபடி நடை. தொட்டில தண்ணி விழற சத்தம் மாறுனா கடைசிச் சுத்துன்னு அர்த்தம்.

எப்ப ஆரம்பிக்கறது, எப்ப நிறுத்தறதுங்கறத நான் முடிவு பண்றதே இல்ல. என்னாட்டம் ஆளுக்கு வெயிட்டு கஷ்டமில்ல, எந்திரிச்சுப் போயி மொத வெயிட்டத் தொடறதுதான் கஷ்டம். இப்ப அந்த அக்காவும் நல்லாப் பேசுது.

காவிரிக்கரை_அப்பன் (ஈரோடு) · திங்கள் காலை 9:41

எங்கூட்டுல தாயக்கட்டைங்க.

அம்மிச்சி ஊட்டுல இருந்து வந்த பித்தளைக் கட்டை ரெண்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம்: ஒண்ணு வெறும் பக்கம், மத்ததுல ஒண்ணு, ரெண்டு, மூணு புள்ளி. ரெண்டையும் உள்ளங்கைல வெச்சு உரசுற சத்தம் கேட்டாலே எம் பொண்ணு எங்க இருந்தாலும் ஆசாரத்துக்கு ஓடி வந்துருவா. எனக்கு அலாரமே அவதான்.

ஆட்டம் இப்படி. அஞ்சு வேலை: பஸ்கி, தண்டால், குனிஞ்சு வெயிட்டத் தூக்கி நிமிர்றது, ஜன்னல் கம்பில துண்டக் கட்டி இழுக்கறது, தூக்கிட்டு நடக்கறது. எத்தனை தடவைங்கறதக் கட்டை சொல்லும். ரெண்டுலயும் விழற புள்ளியக் கூட்டிக்கறது, மொத்தம் ஒண்ணுன்னா அதுதான் தாயம். ரெண்டும் வெறும் பக்கம் விழுந்தா பன்னண்டு. தாயம், அஞ்சு, ஆறு, பன்னண்டு விழுந்தா மறுபடி உருட்டோணும், அதையும் சேத்துச் செய்யோணும். நடைக்கு மட்டும் புள்ளிக்கு ஒரு நடை. முக்கியமான விதி ஒண்ணு இருக்குது: எனக்கு அவ உருட்டுவா, அவளுக்கு நான் உருட்டுவேன். பன்னண்டு விழுந்து மறுபடி பன்னண்டு விழுந்தப்ப அவ குதிச்ச குதிய நீங்க பாக்கோணும்.

நெசத் தாயத்துல தாயம் விழுந்தாத்தான் காய எறக்க முடியும் இல்லீங்களா, அதையும் விடல. தாயம் விழற வரைக்கும் செவுத்துல முதுகச் சாச்சு, முட்டிய மடக்கி, நாற்காலி இல்லாம உக்காந்திருக்கோணும்.

ஜிம்முல "இன்னிக்கு எத்தனை செட்டு போடலாம், போன வாரம் எத்தனை போட்டோம்"னு யோசிக்கறதுலயே எனக்கு மண்டை காஞ்சுரும். இதுல அடுத்து என்ன விழும்னு தெரியாது, அந்த ஒரு ஆசைலயே அடுத்த சுத்துக்குக் கை தானாப் போகுது.

கணக்கு_வாத்தி (நாமக்கல்) · திங்கள் மதியம் 1:15

சோத்து நேரத்துல உக்காந்து போட்டுப் பாத்தேன், மன்னிக்கோணும், தொழில் புத்தி.

ரெண்டு கட்டைக்கும் சேத்து 16 விதமா விழலாம். பன்னண்டு 1 வழி, தாயம் 2, ரெண்டு 3, மூணு 4, நாலு 3, அஞ்சு 2, ஆறு 1. ஒரு உருட்டுக்குச் சராசரி 3.75. ஆனா மறு உருட்டு வர வாய்ப்பு 16க்கு 6. அதையும் சேத்தா ஒரு ஆட்டத்துக்குச் சராசரி சரியா 6 வருது. அஞ்சு வேலை, மூணு சுத்துன்னா ஒவ்வொரு வேலையும் சுமாரா 18 தடவை. பாட்டன் பூட்டன் வெச்ச கட்டை பயிற்சிக்குன்னே செஞ்சாப்ல அமைஞ்சிருக்குது.

செவுத்துல சாயற விதிய மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க. தாயம் விழ 8க்கு 1 தான் வாய்ப்பு. சராசரியா 8 உருட்டு ஆவும், சில நாள் இருபது தாண்டும். தொடை கழண்டுரும்.

காவிரிக்கரை_அப்பன் (ஈரோடு) · திங்கள் மதியம் 1:32

வாத்தியாரே, அதுதானுங்க அதுல சொகமே! முடியலீன்னா எந்திரிச்சு நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி சாஞ்சுக்கறது. விதி ஊட்டு விதிதானே.

பீளமேடு_பார்பெல் (கோவை) · திங்கள் இரவு 8:50

நான் பயிற்சியாளர். நல்லா இருக்குங்க, ஆனா ஒரு ஆட்சேபம் சொல்லிர்றேன். இல்லைன்னா நாலு மாசம் கழிச்சு "விளையாடுனோம், பலம் ஏறல"ன்னு வந்து நிப்பீங்க.

உடம்புக்குப் பலம் ஏறோணும்னா வேலை கொஞ்சம் கொஞ்சமாக் கூடோணும். இன்னிக்கு யூடியூப்ல பாத்தது, நாளைக்கு இன்ஸ்டாவுல பாத்ததுன்னு அசைவையே மாத்திட்டு இருந்தா எதுலயும் தேர முடியாது. ஏடிஹெச்டி இருக்கறவங்ககிட்ட நான் அதிகம் பாக்கறது இதுதான்: புதுசு வேணும்னு அசைவ மாத்தறாங்க. அப்பன் செஞ்சது அது இல்ல. அசைவு அஞ்சும் அப்படியே இருக்குது, சுத்தி இருக்கற ஆட்டம் மட்டும் புதுசு. அதப் புடிச்சுக்கங்க. தாயம் சலிச்சா சீட்டுக்கட்டு, அது சலிச்சா பசங்க சீட்டெழுதிக் குலுக்கிப் போடறது. எது மாறுனாலும் உக்கார்றது, குனிஞ்சு தூக்கறது, தள்ளறது, இழுக்கறது, சுமக்கறது இந்த அஞ்சும் மாறக்கூடாது.

எவ்வளவு வெயிட்டு? கடைசி ரெண்டு மூணு தடவை திணறோணும். லேசான வெயிட்டுன்னாலும் திணர்ற அளவுக்குப் போனா தசை வளரும், ஒரே தடவைதான் தூக்க முடியும்ங்கற எடைல 30 சதவீதம் இருந்தாக் கூட. ஆனா நல்ல பலம் வேணும்னா கனமும் வேணும். கட்டை பன்னண்டும் நாலும் காட்டிப் பதினாறு வந்துருச்சுன்னா ஒரே மூச்சுல செய்யாதீங்க. பிரிச்சுப் பிரிச்சு, எறக்கி வெச்சு எறக்கி வெச்சு முடிங்க. பதினாறும் சிரிச்சுட்டே முடிஞ்சா அடுத்த தடவை கனத்த ஏத்துங்க.

உலக சுகாதார நிறுவனம் 2020ல குடுத்த வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்கு வாரத்துல 2 நாளாவது பெரிய தசை எல்லாத்துக்கும் பலப் பயிற்சின்னுதான் சொல்லியிருக்காங்க. ஏழு நாளும்னு யாரும் கேக்கல. "தினமும்"னு ஆரம்பிச்சு ஒரு நாள் விட்டதும் மொத்தத்தையும் விட்டுடறவங்கதான் எச்சு.

கனத்துக்கு இரும்புத் தட்டு வாங்கறதுன்னா நம்மூர்ல கிலோ கணக்குலயே கெடைக்கும், சும்மாவா இத்தனை பவுண்டரி இருக்குது. அதுவும் வேண்டாம்னா அரிசிச் சிப்பம் 25 கிலோ, பழைய பள்ளிக்கூடப் பையில புத்தகம். திருப்பூர்க்காரங்களுக்கு ஒண்ணு: கம்பெனில கெடக்கற எலாஸ்டிக்க வெச்சு இழுக்காதீங்க, அந்து கண்ணுல அடிச்சுரும். பயிற்சிக்குன்னு விக்கற ரப்பர் பட்டையையே வாங்கிக்கங்க. அப்பன் சொன்ன ஜன்னல் கம்பி செவுத்துல பதிச்சதான்னு பாத்துட்டு இழுங்க. அட்டாலிக் கம்பி, துணி காயப்போடற கம்பி இதெல்லாம் வேண்டாம்.

அவசர_அம்மிணி (திருப்பூர்) · செவ்வாய் காலை 7:10

எழுதி வெச்சாத்தானுங்க போன தடவை எவ்வளவுன்னு தெரியும்? நோட்டு வாங்கறதுல நான் கெட்டிக்காரி. மொத பக்கத்துல அழகா எழுதுவேன், அதோட சரி.

ரெண்டாம்_ஷிப்ட் (பல்லடம்) · செவ்வாய் காலை 7:24

நோட்டே வேண்டாமுங்க. வெயிட்டு மேலயே சாக்பீஸ்ல எழுதிருங்க. என்ற கேன்மேல "12" இருக்குது, போன தடவை பஸ்கி. அடுத்த தடவை 13 போட்டா அழிச்சு எழுதுவேன். தேடவும் வேண்டாம், மறக்கவும் முடியாது.

மனநலம்_சேலம் (சேலம்) · செவ்வாய் இரவு 9:30

நான் மனநல மருத்துவர். இங்கே யாருக்கும் தனிப்பட்ட ஆலோசனை சொல்லவில்லை, பொதுவாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

பெரியவர் "சீக்குப் பேர்" என்றார். ஏடிஹெச்டி குடும்பங்களில் வரக்கூடியது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று வருகிறது. பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தெரியவருவது எங்களுக்கு வாடிக்கை. 2013ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் வரையறைப்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, கவனக்குறைவு, பரபரப்பு என்ற இரண்டு பிரிவுகளில் ஒன்றில் 5 அறிகுறிகள் இருந்தாலே கணக்கில் எடுப்போம், சிறுவர்களுக்கு 6. ஆகவே இது நேற்று முளைத்த சாக்கு அல்ல, ஐயா. உங்கள் பதினைந்து பேர் கூட்டத்திலும் ஒருவராவது இருந்திருப்பார். கூட்டம் அவரைத் தாங்கியிருக்கும்.

பயிற்சி செய்த பிறகு கொஞ்ச நேரத்துக்குக் கவனம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நேரத்தில் வருமான வரிக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஆனால் பயிற்சி மருந்துக்கு மாற்று ஆகாது. தண்டால் எடுக்க ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்று ஏற்றும். கனமான பயிற்சி தொடங்குவதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க வேண்டாம். பசியும் குறையும். மதியம் தட்டைத் தொடாமல் இருந்துவிட்டு ராத்திரி பலமே இல்லை என்பவர்கள் அதிகம். மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை நன்றாக முடித்துவிடுங்கள்.

கொள்ளுப்பருப்பு (தாராபுரம்) · செவ்வாய் இரவு 10:02

டாக்டர் சொன்ன காலைச் சாப்பாட்டுக்கு: முட்டை ஒண்ணுல புரதம் 6 கிராம், நாமக்கல் வாத்தி சந்தோசப்படுவாரு. கொள்ளு 100 கிராம்ல 20 கிராமுக்கு மேல. ராத்திரியே ஊற வெச்சு வேக வெச்சுட்டா காலைல தாளிக்கறது மட்டுந்தான். மதியம் பசிக்காதவங்க வறுத்த நிலக்கடலைய மேசைல கண்ணுக்குப் படற மாதிரி வெச்சுக்கங்க, டிராயருக்குள்ள வெச்சா இல்லாத மாதிரிதான். பவுடர் டப்பாவுக்கு இத்தனை காசு கொட்டறதப் பாத்தா எனக்கு வயிறெரியுது, அது வேற நாயம்.

கும்மி_அக்கா (காங்கேயம்) · புதன் மாலை 5:48

எங்க ஊர்ல கோயில் முன்னால பொழுதோட வள்ளிக்கும்மிப் பழக்கம் நடக்குது. சின்னப் புள்ளைங்க முதக்கொண்டு ஆத்தாமாரு வரைக்கும் ஒட்டுக்கா ஆடறோம். எனக்கு ஏடிஹெச்டி இருக்குதான்னு தெரியாது, ஆனா தனியா ஊட்டுல செய்யச் சொன்னா பத்து நிமிசம் தாண்டாது. அங்க ஒண்ணரை மணி நேரம் போறதே தெரியறதில்ல. இதுவும் பலப் பயிற்சிதானுங்களே பார்பெல் தம்பி?

இன்னொண்ணு, பொம்பளைங்க கேக்கக் கூச்சப்படறது. ரெண்டு பிரசவத்துக்கப்பறம் குதிச்சா, தூக்குனா சிறுநீர் கசியுதுன்னு பல பேரு கம்முனு விட்டுடறாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். அதுக்குன்னே பிசியோ பயிற்சி இருக்குது, இடுப்படித் தசைய இறுக்கித் தளத்தறது. சரியாகக்கூடியதுதான். வெயிட்ட விட்டுடாதீங்க, அவங்களப் போயிப் பாருங்க.

பீளமேடு_பார்பெல் (கோவை) · புதன் இரவு 8:15

அக்கா, ரெண்டாவதா எழுதுனதுக்குக் கோடி புண்ணியம். மொதலாவதுக்கு: கும்மி நெஞ்சுக்கும் காலுக்கும் ரொம்ப நல்லது, குனிஞ்சு நிமிந்து அடிக்கறதுல தொடை நல்லா வேலை செய்யுது. ஆனா அதுல கனம் ஏறாதுங்களே, அதனால அது பலப் பயிற்சில முழுசா அடங்காது. முதுகுக்கும் கைக்கும் இழுக்கற வேலை, சுமக்கற வேலை தனியா வேணும். கும்மிக்கு முன்னாடி பத்து நிமிசம் எல்லாரும் ஒட்டுக்காச் செஞ்சா யாரு வேண்டாங்கறா? கூட்டம்தான் ஏற்கனவே வந்துருச்சே. அது கெடைக்காமத்தான் ஜிம்முக்காரங்க மாசாமாசம் ஆபர் போடறாங்க.

படியேறறதப் பத்தியும் யாராச்சும் கேப்பீங்க. சென்னிமலை 1,320 படி, வார லீவுல பசங்களோட போனா அருமை. ஆனா அதுவும் காலுக்கு மட்டும்.

அவசர_அம்மிணி (திருப்பூர்) · அடுத்த மாதம், சனி இரவு 11:40

மறந்துட்டேன்னு நெனச்சிருப்பீங்க. இல்லீங்க, இழைய புக்மார்க் பண்ணி வெச்சு, புக்மார்க் எங்கன்னு தேடிட்டு வர்றேன்.

எங்கூட்டு நெலவரம். தாயக்கட்டை இல்ல, மாமியார்கிட்டக் கேட்டதுக்கு "அட்டாலில பாரு"ன்னாங்க, அட்டாலில என்ற கல்யாணப் பாத்திரந்தான் இருந்துது. கடைசில டவுன் ஹால் பக்கம் பித்தளைக் கடைல வாங்குனேன். மொத நாளே பாப்பா ஒரு கட்டையத் தூக்கிட்டு ஓடி சோபாவுக்கு அடில போட்டுட்டா. அதனால அவளுக்குத் தனி வேலை குடுத்தாச்சு: வெயிட்டு அவதான். பஸ்கிக்கு முதுகுல தொத்திக்குவா, 15 கிலோ. எறங்கச் சொன்னா எறங்க மாட்டா, அதனால கட்டை ரெண்டு காட்டுனாலும் நான் ஏழு எட்டு போட வேண்டி வருது.

பையன் விதிய மாத்திட்டே இருக்கறான். நேத்து அவன் கொண்டு வந்தது: பன்னண்டு விழுந்தா அம்மாவுக்கு ரெண்டு மடங்கு, அவனுக்கு ஒண்ணும் இல்ல. ஏண்டான்னா "அம்மாவுக்குத்தான் பிசியோ சொன்னாங்க"ங்கறான்.

எனக்கு உண்மைல உதவுனது ரெண்டு. ஒண்ணு, ரெஸ்ட் நேரத்துல அவன் ஆடறான், நான் எண்ணறேன், அதனால கைல போனே வர்றதில்ல. ரெண்டு, ரெண்டாம்_ஷிப்ட் அண்ணா சொன்ன மாதிரி ஆரம்பிக்கறத வேற எதுகூடயாச்சும் கட்டி விட்டது. எங்களுக்கு மோட்டார் இல்ல, அபார்ட்மெண்ட்டு. குக்கர வெச்சா ஆரம்பம். மூணு விசில் வரைக்கும் ஒரு சுத்து, ஆஃப் பண்ணிட்டு பிரஷர் எறங்கற வரைக்கும் இன்னொரு சுத்து. விசில எண்ணறதுக்கும் ஆளு இருக்கறதால பருப்பு குழையறதும் நின்னுருச்சு.

இப்பக் கேள்வி: தீபாவளி சீசன், ஷிப்மெண்ட் நெருக்கடி, பொறகு அம்மா ஊருக்குப் போயிருவோம். விட்டுப்போனா மறுபடி மொதல்ல இருந்தா? அப்பறம் பையன் டம்பெல்ல எடுத்துத் தூக்கறான், ஒசரம் நின்னுரும்னு மாமியார் பயப்படறாங்க.

பீளமேடு_பார்பெல் (கோவை) · ஞாயிறு காலை 8:22

பையனுக்கு ஒசரமெல்லாம் நிக்காதுங்க, அது பழைய பயம். லேசான கனம், சரியான முறை, பக்கத்துல பெரியவங்க இருந்தாப் போதும். பயப்பட வேண்டியது கால்ல போட்டுக்கறதுக்குத்தான். உருண்டை டம்பெல் வேண்டாம், ஆறு பட்டை வெச்சது உருளாது. பாப்பா ஒசரத்துக்கு மேல எந்த வெயிட்டையும் அடுக்காதீங்க.

விட்டுப்போறதப் பத்தி: பலத்தக் கட்டறதுக்கு ஆன வேலைல ஒரு சின்னப் பங்கு செஞ்சாலே அதைத் தக்க வெச்சுக்கலாம். சீசன்ல வாரத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு அசைவுலயும் ஒரே ஒரு சுத்து, ஆனா கனத்தக் கொறைக்காம. அதுவும் முடியலீன்னா திரும்பி வந்து கனத்தக் கொஞ்சம் எறக்கி ஆரம்பிங்க, மொத தடவை ஆன காலம் ஆவாது. அப்பறம் தாயத்த ஊருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. திரும்பி வர்றப்ப அது பசங்களுக்குப் புதுசா இருக்கோணும்.

கணக்கு_வாத்தி (நாமக்கல்) · ஞாயிறு காலை 10:05

உங்க பையன் சொன்ன விதியப் போட்டுப் பாத்தேன். பன்னண்டு மட்டும் இருபத்திநாலானா உங்க சராசரி 6ல இருந்து 7.2 ஆவுது, அவனோடது 4.8 ஆவுது. ஏழு வயசுப் பையனுக்கு ஆறாங்கிளாஸ் கணக்கு வாங்கிக் குடுங்க.

அவசர_அம்மிணி (திருப்பூர்) · ஞாயிறு காலை 10:31

ஹாஹா! இத அவனுக்குப் படிச்சுக் காட்டவே மாட்டேன்.

கோபி ஐயாவுக்கு ஒண்ணு: நீங்க சொன்ன கர்லாவ பையன் வீடியோல பாத்துட்டு "அது வேணும்"ங்கறான். எனக்கும் தோள் இறுக்கத்துக்கு ஆவுமுங்களா? அடுத்த ஆட்டம் அதுதான்னு முடிவாயிருச்சு எங்கூட்டுல.

கர்லாக்கட்டை_63 (கோபி) · ஞாயிறு மாலை 6:12

ஆவும் அம்மிணி, தோளுக்கு அதைவிட நல்லது எதுவும் நான் பாக்கல. டாக்டர் எழுதுனதையும் படிச்சேன். எங்க கூட்டத்துல ஒருத்தன் இருந்தான், எண்ணச் சொன்னா பத்துக்கப்பறம் எட்டு சொல்லுவான், ஒரு நிமிசம் நிக்க மாட்டான், ஆனா அவன் வராத அன்னிக்கு எங்களுக்கு எடுக்கவே தோணாது. அத விடு.

கர்லாக்கட்டை உடனே வாங்காதே. ஒரு லிட்டர் பாட்டில்ல பாதிக்குத் தண்ணி ரொப்பு, கழுத்தப் புடி. கைய நெஞ்சுக்கு நேரா நிறுத்தி, மெதுவாத் தோளுக்கு மேல கொண்டு போயி, தலைக்குப் பின்னால முதுகோட ஒட்டி எறக்கி, அடுத்த தோள் பக்கமா வெளிய எடு. முழங்கை முட்டி வானத்தப் பாக்கோணும், இடுப்பு ஆடக்கூடாது. தண்ணி தளும்பற சத்தம் ஒரே சீரா வந்தா கை பழகிருச்சுன்னு அர்த்தம். ரெண்டு கைக்கும் சமமாப் பழகு. பையனுக்கு அரை லிட்டர் போதும், ரெண்டு பேரும் எட்ட எட்ட நில்லுங்க. கட்டை வாங்கறப்ப எனக்கு எழுது, எந்தக் கனம்னு சொல்றேன். மறக்காம மேல பேன் ஓடுதான்னு பாத்துட்டுச் சுத்து. எங்கூட்டுப் பேன்ல ஒரு ரெக்கை இன்னும் வளைஞ்சுதான் இருக்குது.